கெட்டிமேளத்துக்குப் பதில் கிட்டார்

என் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டவில்லை. மேளமே இல்லாதபோது எதைக் கொட்டுவது? நாகசுரமும் இல்லை, தவிலும் இல்லை. ராகிக் கொல்லைகளுக்கு நடுவே வாழைமரம் கட்டிய பந்தலில் கிட்டார்தான் வாசித்தது. யாரோ சபையில் உட்கார்ந்து வாசித்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த அளவுக்கு எங்களுக்கு வசதி இல்லை. கிராமபோன் பிளேட்டில் வாசித்தது.

இது ஐம்பதுகளில் நடந்தது. நான் அப்போது ஓசூரிலிருந்து தளிக்குப் போகிற ரோட்டில் ஒரு போர்டு ஸ்கூலில் வாத்தியாரம்மா. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில், ஒரே கரும்பலகையில். கிருஷ்ணகிரியில் தங்கிப் படித்து, டிரெயினிங் முடித்து, கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கினேன். வானம் பார்த்த எங்கள் ஊரில் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாதம் பிறந்தால் பணம் வருகிற வீடு எங்களுடையது ஒன்றுதான். அதைவிட, எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் 'அ' என்று கத்தும்போது எனக்கு ஏற்பட்ட கர்வம், நகை போட்டுக்கொண்டபோதுகூட ஏற்பட்டதில்லை.

ஜவளகிரியில் காட்டிலாகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவருக்கு என்னைப் பேசி முடித்தார்கள். எனக்கு மாப்பிள்ளையைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை. பார்க்க வந்த அன்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தவர் அவர்தான், நான் இல்லை. என் கவலையெல்லாம் ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகு என்னை ஸ்கூலுக்கு அனுப்புவார்களா? ஜவளகிரியிலிருந்து பஸ் இருந்தது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மனசு இருந்தால் போய் வரலாம்.

அப்பா மூன்று தடவை கேட்டுப் பார்த்தார். முதல் தடவை மாமியார் வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தார். இரண்டாம் தடவை மாமனார் மாட்டுச் சந்தையைப் பற்றிப் பேசினார். மூன்றாம் தடவை மாமியாரின் தம்பி, அந்த வீட்டு விஷயமெல்லாம் தன் வழியாகத்தான் போக வேண்டும் என்று நினைக்கிறவர், "பாத்துக்கலாம்" என்றார். தமிழில் 'முடியாது' என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை. அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பிடவில்லை. அப்பா சாப்பிட்டார். பெண் கொடுக்கிறவர்கள் எதையும் ஜீரணித்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் ராகி பொய்த்துவிட்டது. தர்மபுரியிலிருந்து மேளம் கூட்டி வரலாம் என்று அப்பா போய் விசாரித்தார். அவர்கள் கேட்ட தொகைக்கு மேல் எட்டுப் பேருக்கு பஸ் சார்ஜ், எட்டு வேட்டி, மூன்று வேளைச் சாப்பாடு, போதாததற்கு ஒத்து ஊதுகிறவருக்குத் தனியாகப் பால். அப்பா திரும்பி வந்து கயிற்றுக் கட்டிலில் படுத்துவிட்டார். அப்போதுதான் சித்தப்பா எழுந்தார். எங்கள் குடும்பத்தில் சித்தப்பா எழுந்தால் மற்றவர்கள் உட்கார்ந்துகொள்வது நல்லது. மேளத்துக்குப் பதிலாக மைக் செட் வைத்துவிடலாம், பிளேட்டு சாப்பிடாது, வேட்டி கேட்காது, பால் குடிக்காது என்றார்.

யோசனை நல்லதுதான். ஆனால் எந்தப் பாஷையில் பிளேட்டு வைப்பது? எங்கள் பக்கம் அது சாதாரணக் கேள்வி இல்லை. எங்கள் வீட்டில் தமிழ். மாப்பிள்ளை வீட்டில் அம்மாவிடம் தெலுங்கு, அப்பாவிடம் கன்னடம், கடன் கேட்டு வருகிறவர்களிடம் தமிழ். சாதாரண நாளில் யாரும் இதைக் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஒரே வாக்கியத்தில் மூன்று பாஷையும் போட்டு மாடு வாங்கி விற்றவர்கள்தான். ஆனால் அந்த வருஷங்களில் எந்தத் தாலுகா எந்த ராஜ்யத்துக்குப் போகும் என்று டீக்கடையில் தினமும் எல்லை வரைந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பிர்கா காலையில் மைசூருக்கும், இரண்டாவது டீக்குப் பிறகு சென்னைக்கும் போய் வந்துகொண்டிருந்தது. பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் மைக் செட்டில் ஒரு பாஷைப் பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டார்கள் என்று இன்னொரு பாஷைக்காரர்கள் இலையிலிருந்து எழுந்து போய்விட்டார்கள். பாயசம் ஊற்றுவதற்கு முன்னால் எழுந்தார்கள் என்றால் கோபம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமியாரின் தம்பி எங்கள் வீடு தேடி வந்து இதை எச்சரித்துவிட்டுப் போனார். பாட்டில் ஏதாவது ஏறுக்குமாறாக இருந்தால் தங்கள் சனம் தாங்காது என்றார். பாஷைக்கு இத்தனை அக்கறை காட்டியவர், பாஷை சொல்லிக்கொடுக்கிற என் வேலையைப் பற்றி அன்றைக்கும் வாய் திறக்கவில்லை.

சித்தப்பா மறுநாளே பெங்களூர் போனார். பட்டாளத்துக்காரர்கள் இருந்த தண்டுப் பக்கம் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன சாமான்களைக் குவித்து விற்கிற கடை ஒன்றில் ஆறு பிளேட்டு வாங்கி வந்தார். ஆறிலும் கிட்டார். வார்த்தையே கிடையாது. வார்த்தை இல்லாத பாட்டுக்கு எவன் சண்டை பிடிப்பான் என்று அவர் கேட்டபோது அப்பா கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். யாரும் வாங்காமல் கிடந்ததால் பாதி விலைக்கும் குறைவாகக் கொடுத்தார்களாம். யாரும் ஏன் வாங்கவில்லை என்று சித்தப்பா யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிளேட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் சபை கூடியது. ஓசூரிலிருந்து மைக் செட்டுக்காரர் தன் கிராமபோனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாமியாரின் தம்பியும் வந்து நடுவில் பாயில் உட்கார்ந்தார். ஆறு பிளேட்டுக்குப் பன்னிரண்டு பக்கம். பக்கத்துக்கு மூன்று நிமிஷம். பெண் பார்க்க வந்தபோது என்னை இவ்வளவு கவனமாக யாரும் பார்க்கவில்லை.

பிளேட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் எல்லாம் இங்கிலீஷ். படிக்கத் தெரிந்தவள் நான்தான். ஆகவே கல்யாணப் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஒன்றில் கடற்கரையில் நிலா என்று இருந்தது. இன்னொன்றில் கப்பல்காரன் காதலியிடம் விடைபெறுகிறான். வேறொன்றில் ஒருத்தன் சாராயக் கடையில் அழுகிறான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அப்படித்தான் புரிந்தது. சபையில் அதைச் சொல்ல முடியுமா? நிலாவைப் பௌர்ணமி பூஜை என்றேன். கப்பலைப் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற பாட்டு என்றேன். சாராயக் கடையை விருந்து என்று சொல்லிவிட்டேன். எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. என் வேலையைப் பற்றிக் கேட்டால் சுற்றி வளைக்கிறவர்களுக்கு நானும் கொஞ்சம் சுற்றி வளைத்துக் காட்டினேன்.

கிட்டாரின் கம்பியை அழுத்தி இழுத்து இழுத்து வாசிக்கிற வகை அது. முதல் பிளேட்டைக் கேட்டதும் அம்மா, கன்று செத்த பசு கத்துகிற மாதிரி இருக்கிறதே என்றாள். இரண்டாவதை ஓட விட்டதும், கவலைக்கு எண்ணெய் போட்டால் சரியாகிவிடும் என்று அப்பா சொன்னார். அவர் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கிணற்றுக் கவலையைச் சொன்னார். இப்படி எட்டுப் பக்கம் தள்ளுபடி ஆனது. ஒன்பதாவதில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். சித்தப்பா தொடையில் தாளம் போட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, இது முருகன் பாட்டு என்றார். மாமியாரின் தம்பி, இல்லையில்லை, தங்கள் ஊர் வெங்கடேசுவர சுவாமி கோவிலில் தெலுங்கில் பாடுவது என்றார். மைக் செட்டுக்காரர் கன்னடத்தில் தனக்கு இது தாலாட்டாகத் தெரியும் என்றார். இரண்டு வீட்டாரும் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். ஆளுக்கு ஒரு பாட்டைக் கேட்டதால்தான் ஒத்துப்போனார்கள். அது சாராயக் கடைப் பிளேட்டு. முகூர்த்தத்துக்கு அதையே வைப்பது என்று முடிவானது.

புரோகிதரிடம் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டுக்கொண்டார்கள். மங்கள வாத்தியத்தில் கிட்டார் சேருமா? சாஸ்திரத்தில் கிட்டார் கூடாது என்று எங்கும் இல்லை என்றார் அவர். தட்சிணையில் கிட்டாரை முன்னிட்டுக் குறைவு இருக்காதே என்று அவரும் ஒரு சந்தேகம் கேட்டுக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. எங்கள் ஊரில் கரண்ட் கிடையாது. மைக் செட்டுக்காரர் லாரி பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். புளியமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டினார். பிளேட்டிலிருந்து நேராக மெஷினுக்குப் பாட்டை எடுத்துப் போகிற சாமான் அவரிடம் கெட்டுப்போயிருந்தது. வாடகை குறைவாக இருந்ததற்குக் காரணம் அதுதான். அதனால் சாவி கொடுக்கிற கிராமபோனை ஒரு முக்காலியில் வைத்து, அதன் வாய்க்கு நேரே மைக்கை நிறுத்தினார். இது பாட, அது கேட்க, மரத்தில் இருக்கிற குழாய் அதை ஊருக்குச் சொல்லும். அன்றைக்கு அதைப் பந்தலுக்கு வெளியே மாட்டுக் கொட்டகை ஓரமாக வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்பு, கப்பல்காரன் விடைபெற, சிறப்பாக நடந்தது.

மறுநாள் விடிந்ததும் முகூர்த்தம். மாமியாரின் தம்பி வந்து நின்று, மேளம்தான் இல்லை, மந்திரமாவது நாலு ஊருக்குக் கேட்கட்டும் என்றார். தன் பக்கத்துச் சனத்துக்கு முன்னால் கல்யாணம் எடுபட வேண்டும் என்று அவருக்கு ஆசை. இருப்பதோ ஒரே மைக். உடனே முக்காலி, கிராமபோன், மைக் எல்லாவற்றையும் தூக்கிவந்து மணவறையை ஒட்டி என் பக்கமாக வைத்தார்கள். ஒரு காதில் புரோகிதர், ஒரு காதில் கிட்டார். மைக் என் தோளுக்கு ஒரு முழத்தில் நின்றது. அதை வாயருகே வைத்துக்கொண்டு கத்தினால்தான் கேட்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவரை நான் எந்த மைக்குக்குப் பக்கத்திலும் உட்கார்ந்ததில்லை.

தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தபோது எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. பயம்தான். இன்னும் சில நிமிஷத்தில் மூன்று முடிச்சு விழுந்துவிடும். அதற்குப் பிறகு 'பாத்துக்கலாம்' என்பதுதான் என் வாழ்க்கை. என் பிள்ளைகளுக்கு வேறு யாரோ வந்து 'அ' எழுதிக் காட்டுவார்கள். மாலையின் ரோஜா காம்பு கழுத்தில் குத்தியது. அழுகை வந்தது. அழுதால் பெண்ணுக்கு அடக்கம் என்று சந்தோஷப்படுவார்கள் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

இதற்கு முன்பு எத்தனையோ கல்யாணங்களில் மணவறைக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். தாலி கட்டுகிற நேரத்தில் தவில்காரர் வெளுத்து வாங்குவார். அபசகுனமாக ஒரு தும்மலோ அழுகையோ காதில் விழக்கூடாது என்பதற்குத்தானே கெட்டிமேளம்? அந்தச் சத்தத்துக்குள்தான் பெரியவர்கள் ஒருவர் காதில் ஒருவர் பாக்கி விஷயங்களைப் பேசி முடிப்பார்கள். யார் என்ன சொன்னாலும் வெளியே தெரியாது. எங்கள் கல்யாணத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, நானும் மாப்பிள்ளையிடம் கேட்டுவிடலாம் என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்தேன்.

புரோகிதர் பழக்க தோஷத்தில் கையை உயர்த்தி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். கிட்டாரில் கெட்டிமேளம் எப்படி வாசிப்பது என்று சபையில் யாரும் பேசி வைக்கவில்லை. மைக் செட்டுக்காரர் பதறிப்போய், இருப்பதில் சத்தமான பிளேட்டாக மாற்றலாம் என்று முள்ளைச் சட்டென்று தூக்கினார். நான் பேச ஆரம்பித்தபோது பாட்டு இருந்தது. இரண்டாவது வார்த்தையில் இல்லை.

"ஏங்க, என்னைய ஸ்கூலுக்கு அனுப்புவீங்களா, மாட்டீங்களா? இப்பவே சொல்லிப்புடுங்க."

அதைச் சொன்னது நான்தான் என்று புளியமரத்திலிருந்து எனக்கே கேட்டது. கொல்லையைத் தாண்டி, ஏரிக்கரை வரைக்கும் போய், எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பி, இன்னொரு தடவையும் கேட்டது. சமையல் கொட்டகையில் கரண்டிச் சத்தம் நின்றது. கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் வாயில் வேப்பங்குச்சியோடு பந்தலுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா கையிலிருந்த அட்சதை அவர் காலிலேயே விழுந்தது. முள்ளைத் தூக்கியவர் தூக்கியபடி நின்றார். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை. கேட்டது கேட்டாகிவிட்டது, பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளை தாலியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு என் கழுத்துக்கு அரை அடி தூரத்தில் நின்றார். முதலில் தன் அம்மாவைப் பார்த்தார். மாமியார் முகத்தில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பிறகு மாமனைப் பார்த்தார். அவர் மாமன் எதற்கோ வாயைத் திறந்து, மைக்கைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். எச்சரிக்கை கொடுத்துத் திரிந்தவருக்கு அன்றைக்குத் தனக்கே எச்சரிக்கை வந்துவிட்டது. மாப்பிள்ளை எச்சில் விழுங்கியதும் ஊருக்குக் கேட்டது.

"அனுப்பறேன்" என்றார்.

மரமும் அனுப்பறேன் என்றது. பாறையும் சொன்னது. மைக் செட்டுக்காரர் கைக்கு வந்த ஒரு பிளேட்டைப் போட்டார். அது அம்மா தள்ளுபடி செய்த பசு. அது கதறக் கதற என் கழுத்தில் தாலி ஏறியது. பிறகு பந்தியிலும் யாரும் இலையிலிருந்து எழுந்து போகவில்லை. அவ்வளவு நடந்த பிறகு எழுந்து போனால் மிச்சத்தைப் பார்க்க முடியாதே.

மூன்றாம் நாள் மாமியார், இந்த வீட்டு மருமகள் பஸ் ஏறிப் போய்ச் சம்பாதிக்க வேண்டாம் என்று ஆரம்பித்தார். அவர் அதைச் சொல்லி முடிக்கவில்லை, பால் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, "உங்க பையன் மைக்குல ஒத்துக்கிட்டாரேக்கா" என்றாள். கோவிலில் கேட்டார்கள். காட்டிலாகா ஆபீஸில் ரேஞ்சர் கேட்டார். பஸ் கண்டக்டர்கூட, வாத்தியாரம்மா என்றைக்கிலிருந்து வருகிறார்கள் என்று என் கணவரிடம் விசாரித்தார். மாமியார் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் அவரே தூக்குச் சட்டியில் களி உருண்டையும் அவரைக்காய்க் குழம்பும் வைத்துக் கட்டி என் கையில் கொடுத்தார். ஊர் வாயை மூட அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ரிட்டயர் ஆகும்வரை நான் அந்த ரோட்டில்தான் வேலை பார்த்தேன். நான் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளின் பிள்ளைகளும் என்னிடமே வந்து உட்கார்ந்தார்கள்.

அப்பாவுக்கு மட்டும் அந்தக் கல்யாணம் ஆறாத குறை. ஒரே பெண்ணுக்கு மேளம் வைக்க முடியவில்லை, அதனால்தான் அவள் சபை நடுவே வாயைத் திறந்து தலைகுனிய வேண்டி வந்தது என்று நினைத்தார். எங்கே மேளச் சத்தம் கேட்டாலும் எழுந்து உள்ளே போய்விடுவார். என்னைப் பார்க்க வரும்போதெல்லாம், "உனக்கு ஒரு மேளம் வெக்க முடியலையேம்மா" என்பார். நான் விடுங்கப்பா என்பேன். எனக்கும் அது அவமானம் என்றுதான் பட்டிருந்தது. என் கணவர் நல்லவர், மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா போய்ப் பல வருஷம் கழித்து, நான் ரிட்டயர் ஆன மறுவாரம் இருவரும் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு மேளம் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று சும்மாத்தான் கேட்டேன். அவர் ஒரு காயை உரித்து முடித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"மேளம் அடிச்சிருந்தா, நீ கேட்டது காதுல விழாத மாதிரி கட்டியிருப்பேன்" என்றார். "அப்புறம் அம்மா சொன்னபடிதான்."

அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. கோபம் அவர்மேல்தான் என்று அவர் நினைத்தார். அப்பா உயிரோடு இருந்த அத்தனை வருஷமும் விடுங்கப்பா, விடுங்கப்பா என்றேனே தவிர, மேளம் இல்லாததால்தான் என் வேலை நிலைத்தது என்று ஒரு தடவை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல, அது எனக்கே தெரிந்திருக்கவில்லை.